நான்கு புள்ளி இரண்டு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
இருபத்தொரு வருடமாய்
சில்லுகளைப் பார்த்து ஒதுக்குவது என் வேலை.
பூதக்கண்ணாடிக்குக் கீழே வரும்.
பாஸ். ரிஜெக்ட்.
கண்ணால் காணாத எதற்கும்
நான் கையெழுத்து வைத்ததில்லை.

குடலில் கட்டி என்றார்கள்.
அன்றிரவே லோகேஸ்வரி கைப்பேசியோடு உட்கார்ந்தாள்,
ஏர்கோன் வாங்கியபோது உட்கார்ந்த அதே நாற்காலியில்.

கடலோரத்தில் ஒருவர். நான்கு புள்ளி ஒன்பது.
‘சிரித்துச் சிரித்துப் பேசினார்.’
‘படுக்கையிலிருந்தே கப்பல் தெரிந்தது.’
‘மைலோ சுடச்சுடக் கொடுத்தார்கள்.’

டவுனுக்குள் ஒருவர், டாக்டர் சுவா. நான்கு புள்ளி இரண்டு.
‘இரண்டரை மணி நேரம் காக்க வைத்தார்.’
‘முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாது.’
‘கார் வைக்க இடமில்லை.’
அதற்கும் ஒற்றை நட்சத்திரம்,
கார்ப்பார்க்கையும் அவரே அறுத்துத் தைத்ததுபோல.

லோகாவின் விரல் நின்றது.
இன்னொரு ஒற்றை நட்சத்திரம்.
ஹலிம் என்று பெயர். மலாயில் மூன்றே வரி:
என் மனைவி மேசையிலேயே போய்விட்டாள்.
மற்ற இரண்டு டாக்டர்கள் தொட மாட்டோம் என்றார்கள்.
இவர் தொட்டார்.

திட்டுகிறாரா, நன்றி சொல்கிறாரா என்றாள்.
எனக்குத் தெரியவில்லை.
ஹலிமுக்கும் தெரிந்திருக்காது.
ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான்
அங்கே எழுதவே விடும்.

எங்கள் லைனில் குணாளன் என்று ஒருத்தன் இருந்தான்.
சுலபமான தட்டுகளாகப் பொறுக்கி எடுத்துக்கொள்வான்.
மாதக் கடைசியில் பலகையில் அவன் பெயர்தான் முதலில்.
மிச்சத் தட்டுகளை யார் பார்த்தது என்று எழுத
பலகையில் கட்டம் கிடையாது.

இரண்டரை மணி நேரம்,
சரியாகத்தான் சொல்லியிருந்தார்கள்.
முகத்தைப் பார்க்கவில்லை, அதுவும் சரி.
அடகுக்கடைக்காரர் வளையலைப் பார்ப்பதுபோல
என் ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் சுவா.
‘வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம்.
வராமலும் போகலாம்.’
நான் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சின்னக் கைகள்.
இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி.
‘துரியான் முள்’ என்றார், நான் கேட்காமலே.

பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள்.
ஏழு வரைக்கும் நான் சாட்சி.

பை வைக்கவில்லை.
வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள்
தொழிற்சாலை லென்ஸை எடுத்துக்கொண்டு
குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன்.
பதினேழு தையல்.
இடைவெளி ஒரே அளவு. பாஸ்.
‘மேல்தையலை ஜூனியர் யாராவது போட்டிருப்பார்’
என்றாள் லோகா, துண்டை நீட்டியபடி.
உள்தையலுக்கு லென்ஸ் எட்டாது.

அன்று மாலை கைப்பேசி கேட்டது:
உங்கள் அனுபவம் எப்படி இருந்தது?
ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

கஞ்சியில் உப்பில்லை.
போர்வை ஈரம் பட்டதுபோல் சில்லிட்டது.
நள்ளிரவில் கூப்பிட்டபோது
அஸ்லினா என்ற தாதி ஓடி வந்தாள்,
ஓடி வந்ததில் ஒரு செருப்பு வாசலிலேயே கிடந்தது.
இதற்கெல்லாம் என்னால் மார்க் போட முடியும்.
ஏழுக்குப் பிறகான அந்த நாலே கால் மணி நேரத்துக்கு?
அங்கே இருந்தவர்களில்
எதுவும் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.
என்னைத்தான் கேட்கிறார்கள்.

விரல் ஐந்தின் மேல் போனது. திரும்பி வந்தது.
உயிரோடு இருப்பவன் ஐந்து போடுவதில்
என்ன சோதனை இருக்கிறது?

கீழே தள்ளிக்கொண்டே போனேன்,
மைலோ, கப்பல், கார்ப்பார்க் எல்லாம் தாண்டி.
ஹலிமின் மூன்று வரிக்கு அடியில்
பொடி எழுத்தில் இன்னொரு கேள்வி இருந்தது:
இது உங்களுக்கு உதவியதா?

அதை மட்டும் அழுத்தினேன்,
ஆறாவது ஆளாக.